ஒரிஜினல் ஐ7னு சொல்லி டெஸ்டிங் சிப்பை அனுப்பினது பத்தி புகார்

கஸ்டமர் சர்வீஸ் டீமுக்கு,

வணக்கம். போன வாரம் உங்ககிட்ட வாங்கின ஐ7-3632க்யூஎம் லேப்டாப் ப்ராசஸர் பத்தின புகார் இது. சாட்ல ஏற்கனவே மூணு தடவ சொல்லியாச்சு, மூணு தடவயும் வேற வேற ஆளு வந்து முதல்லேர்ந்து கதை கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே லெட்டர்ல எழுதிடறேன். யாராவது ஒருத்தர் கடைசி வரைக்கும் படிங்க, ப்ளீஸ்.

என் லேப்டாப்ல இருந்தது ஐ3-3110எம். ரெண்டு கோர் (கணக்கு போடற பகுதி), நாலு த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டற வேலை), வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தேவைப்படறப்ப தானா வேகத்த ஏத்திக்கறது) கிடையாது. ராம் ஏத்தியாச்சு, எஸ்எஸ்டி போட்டாச்சு, பாக்கி இருந்தது ப்ராசஸர்தான். அந்த காலத்து லேப்டாப் நெறைய மாடல்ல ப்ராசஸர் சாக்கெட்ல (போர்டுல சிப்பை செருகற இடம்) தான் உக்காந்திருக்கும், கழட்டி மாத்தலாம். மாடல் பேரு யூனு முடியற சிப்லாம் அப்பவே போர்டோட சால்டர் பண்ணி ஒட்டினதுதான், அஞ்சாவது ஜெனரேஷன்லேர்ந்து லேப்டாப்புக்குன்னு வர்ற இன்டெல் சிப் எல்லாமே சால்டர் ஆயிடுச்சு. ஸோ என் லேப்டாப் மாதிரி இருக்கறவங்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு, அத நம்பித்தான் உங்கள மாதிரி கடைங்க பழைய சிப்பை விக்கறீங்க.

நான் யோசிக்காம வாங்கலன்னு சொல்லத்தான் இதெல்லாம். சாக்கெட் ஜி2, 988 பின், அத பார்த்தேன். சூட்டு கணக்குல பழைய சிப் 35 வாட், 3632க்யூஎம்மும் 35 வாட், நாலு கோர் எட்டு த்ரெட், டர்போல 3.2 வரைக்கும் போகும், அதே ஹீட்சிங்க் (சிப்போட சூட்ட இழுக்கற உலோகம்) தாங்கும். உங்க லிஸ்ட்லயே 3630க்யூஎம் இருந்துச்சு, ஆனா அது 45 வாட், இந்த சின்ன ஃபேனுக்கு அது வேணாம்னு விட்டுட்டேன். 3632க்யூஎம்லயே பின் இருக்கற டைப், போர்டுல சால்டர் பண்ற டைப்னு ரெண்டு உண்டு, அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சாட்ல "பின் இருக்கறது தானே"ன்னு கேட்டேன், ஆமான்னாங்க. பயாஸையும் (லேப்டாப்ப ஆன் பண்ணி விடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) கடைசியா வந்த வெர்ஷனுக்கு அப்டேட் பண்ணி வச்சேன். உங்க பேஜ்ல "யூஸ்டு, டெஸ்டட், ஒரிஜினல்"னு போட்டு, எஸ்ஆர்னு ஆரம்பிக்கற நம்பர் (விக்கறதுக்குன்னு வந்த சிப்ல இன்டெல் போடற கோடு) தெளிவா தெரியற மாதிரி ஃபோட்டோவும் இருந்துச்சு. இதுக்கு மேல ஒரு கஸ்டமர் என்ன செக் பண்ணணும், நீங்களே சொல்லுங்க.

பார்சல் வந்துச்சு. பின் எல்லாம் நேரா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா மேல பழைய தெர்மல் பேஸ்ட் (சூட்ட ஹீட்சிங்க்குக்கு கடத்த தடவறது) காஞ்சு அப்பிக்கிட்டு இருந்துச்சு, டெஸ்ட் பண்ணி அனுப்பற சிப்பை துடைச்சு கூடவா அனுப்ப மாட்டாங்கன்னு அப்பவே ஒரு உறுத்தல். சரி போனா போகுதுன்னு ஆல்கஹால் தொட்டு துடைச்சிட்டேன்.

பேட்டரிய எடுத்து, ஹீட்சிங்க் ஸ்க்ரூவ அதுல போட்டிருக்கற நம்பர் வரிசையில லூஸ் பண்ணி, ஃபேன் கேபிள கழட்டி, சாக்கெட் பக்கத்துல இருக்கற அந்த ஒத்த ஸ்க்ரூவ பாதி சுத்து திருப்பி பழைய சிப்பை தூக்கினேன், மூலையில இருக்கற முக்கோண அடையாளத்த பார்த்து புதுச வச்சேன், அழுத்தல, தானா உக்காந்துச்சு, ஸ்க்ரூவ பூட்டி, பேஸ்ட் போட்டு, எல்லாத்தையும் திரும்ப மாட்டி பவர் பட்டன அமுக்கினா ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் லைட் மின்னுது, ஸ்க்ரீன் கருப்பு. கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆகி திரும்ப ஆன் ஆகுது. அப்புறம் அதே கதை, ஆஃப், ஆன், ஆஃப், ஆன்.

மூணு ராத்திரி போச்சு இதுல. என் கை தான் தப்புன்னு நெனச்சேன், ஏன்னா மொதல் தடவ கழட்டி பார்த்தப்ப சாக்கெட் ஸ்க்ரூ முழுசா பூட்டல, அது என் தப்பு, ஒத்துக்கறேன். சரி பண்ணியும் வரல. ராம் ஒவ்வொண்ணா மாத்தி பார்த்தேன், போர்டுல இருக்கற சின்ன பேட்டரிய எடுத்து பயாஸ ரீசெட் பண்ணேன், பேஸ்ட் ஜாஸ்தியோன்னு மறுபடி துடைச்சு போட்டேன். கடைசியா பழைய ஐ3ய திரும்ப மாட்டினா ஒரு நொடில ஜம்முனு ஆன் ஆகுது. அப்போ போர்டு நல்லாருக்கு, சாக்கெட் நல்லாருக்கு, என் கையும் நல்லாத்தான் இருக்கு.

இங்க தான் உங்க சாட் வருது. மொதல் ஆளு விண்டோஸ ரீஇன்ஸ்டால் பண்ண சொன்னாரு. ஸ்க்ரீனே வராத லேப்டாப்ல விண்டோஸ எங்க போய் இன்ஸ்டால் பண்றது சார்? ரெண்டாவது ஆளு ராம துடைக்க சொன்னாரு. மூணாவது வந்தவங்க "நீங்களே கழட்டி மாட்டினதால ரிட்டர்ன் எடுக்க முடியாது"ன்னு சொல்லி சாட்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி கோவத்துல சிப்பை டேபிள் லைட்டுக்கு கீழ சாய்ச்சு வச்சு பார்த்தேன். லேப்டாப் சிப்ல மேல மூடி கிடையாது, பளபளன்னு இருக்கற சிலிக்கான் மேலயே எழுத்த லேசா பொறிச்சிருப்பாங்க, நேரா பார்த்தா கண்ணாடி மாதிரி தான் தெரியும், சாய்ச்சா தான் எழுத்து தெரியும். அதுல மாடல் நம்பரே இல்ல. எஸ்ஆரும் இல்ல. "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்"னு இருக்கு, கீழ க்யூல ஆரம்பிக்கற நாலெழுத்து கோடு. அதாவது இது இன்ஜினியரிங் சாம்பிள். மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி லேப்டாப் கம்பெனிங்களுக்கு டெஸ்ட் பண்றதுக்காக இன்டெல் குடுக்கற சிப், விக்கறதுக்கு இல்ல. இந்த மாதிரி சிப் பெரும்பாலும் ஆரம்ப கால ஸ்டெப்பிங்கா (சிப் டிசைனோட ஒரு வெர்ஷன்) இருக்கும், கடையில வித்த லேப்டாப்போட பயாஸ்ல அதுக்கான மைக்ரோகோடு (சிப்புக்குள்ள ஏத்தற சின்ன ப்ரோக்ராம்) இருக்கணும்னு அவசியமே இல்ல, அது இல்லாம தான் என் லேப்டாப் ஆன் ஆகாம முழிக்குதுன்னு நெனைக்கறேன்.

இன்னும் சந்தேகம்னா இதையும் கேளுங்க. ஃப்ரெண்டு ஒருத்தர்கிட்ட அதே சாக்கெட் உள்ள வேற லேப்டாப் இருக்கு, பயாஸ அவன் வாங்கினதுலேர்ந்து தொடவே இல்ல. கெஞ்சி வாங்கி அதுல மாட்டினேன், அதிசயமா அதுல ஆன் ஆச்சு, அந்த பழைய பயாஸ்ல இதுக்கான மைக்ரோகோடு இருந்திருக்கும் போல. ஆனா ப்ராசஸர் பேரு ஐ7னு வரல, "ஜெனுயின் இன்டெல் சிபியூ 0000"னு வருது, சிபியூ-இசட்ல (எந்த ப்ராசஸர்னு காட்டற சாஃப்ட்வேர்) இன்ஜினியரிங் சாம்பிள்னே காட்டுது. ஒரு வீடியோ ஓடி முடியறதுக்குள்ள ஹேங் ஆயிடுச்சு, அவன் மூஞ்சிய பார்க்க முடியாம உடனே கழட்டிட்டேன்.

நீங்க டெஸ்ட் பண்ணதா சொல்றீங்க. டெஸ்ட் பண்ணியிருந்தா அந்த 0000 உங்க ஸ்க்ரீன்லயும் வந்திருக்கும். டெஸ்ட் பண்ணலன்னா "டெஸ்டட்"னு எழுதினது பொய். வந்தும் அனுப்பியிருந்தா அது இன்னும் மோசம், எழுத்து மேல அந்த பேஸ்ட் ஏன் அப்பியிருந்துச்சுன்னும் யோசிக்க வேண்டியிருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.

"நீங்களே கழட்டி மாட்டினதால"ங்கற பதிலுக்கும் வரேன். ப்ராசஸர மட்டும் தனியா விக்கறீங்க, அத வாங்கறவன் கழட்டி மாட்டாம வேற என்ன பண்ணுவான், ஷோகேஸ்லயா வைப்பான்? உங்க பேஜ்லயே "வீட்டுலயே சுலபமா மாத்தலாம்"னு நீங்க தான் எழுதியிருக்கீங்க. பின் ஒடைஞ்சிருந்தா, மூலை சில்லு போயிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சிப்போட எல்லா பக்கமும் ஃபோட்டோ எடுத்து அட்டாச் பண்ணியிருக்கேன், பின் வரிசைய எண்ணி பார்த்துக்கோங்க.

எனக்கு வேண்டியது இதுதான். முழு பணமும் திரும்ப வரணும், அனுப்பற கொரியர் செலவும் உங்களோடது. வேற சிப் அனுப்பறேன்னு சொல்லாதீங்க, அதுவும் அதே லாட்ல இருந்து தான் வரும். அந்த லிஸ்டிங்ல இருக்கற எஸ்ஆர் நம்பர் ஃபோட்டோவ எடுத்துட்டு நெஜமா அனுப்பற சிப்போட ஃபோட்டோவ போடுங்க. இந்த லாட்ல வாங்கின மத்தவங்களுக்கும் ஒரு மெயில் போடுங்க, யாரோ ஒருத்தர் இப்பவும் ராத்திரி உக்காந்து ராம மாத்தி மாத்தி போட்டுக்கிட்டு இருப்பாங்க.

சிப்பை வந்த அதே ஆன்டி-ஸ்டேட்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன், மேல பேஸ்ட் இல்லாம சுத்தமா துடைச்சு. ரீஃபண்ட் பண்றோம்னு எழுத்துல மெயில் வந்த அன்னிக்கே அனுப்பறேன். ஏழு நாள் பார்ப்பேன், அதுக்குள்ள பதில் வரலன்னா பணம் கட்டின கார்டு கம்பெனில இந்த லெட்டரையும் ஃபோட்டோவையும் வச்சு டிஸ்ப்யூட் போட்டுடுவேன். ஆர்டர் நம்பர் மெயிலோட சப்ஜெக்ட்ல இருக்கு, மறுபடி சாட்ல வந்து கேக்காதீங்க.

இப்படிக்கு,
இன்னும் ஐ3லயே இந்த லெட்டர டைப் பண்ற உங்க கஸ்டமர்