மலருக்கு, டி.எம். கேஸ்ட்ரோ பற்றி

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, கவலைப்படாதே.

"கேஸ்ட்ரோ எடுத்தா கடைசியில எவ்வளவும்மா கிடைக்கும்?" என்று கேட்டாய். வயிறு, குடல், கல்லீரல் நோய்களுக்கான சிறப்புப் படிப்பில் சேரப்போகிறவள் கேட்கவேண்டிய கேள்விதான். உன் வயதில் கூடப் படித்தவர்கள் வீடு வாங்கிவிட்டார்கள். நீ எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. 3 வருடம் முடித்தும் இன்னும் டி.எம். நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். அதற்குமேல் டி.எம். 3 வருடம் இருக்கிறது. நீ பணத்தைக் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸாக இருந்த பழைய ஆட்களிடம் விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

டி.எம். முடித்துச் சென்னையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாதம் 2.5 லட்சம், 3 லட்சம் என்று பேசுகிறார்கள். திண்டுக்கல், கரூர், ராமநாதபுரம் பக்கம் போகச் சம்மதித்தால் 4, 5 லட்சம்கூடத் தரத் தயாராக இருக்கிறார்களாம். அங்கே ஆள் கிடைப்பதில்லை, சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அரசு வேலையில் அசிஸ்டென்ட் சர்ஜன் அடிப்படைச் சம்பளமே 56,100-இல்தான் தொடங்குகிறது, படிகள் தனி. ஆனால் அரசு சர்வீஸில் இருக்கிற டாக்டர்களுக்கு நம் மாநில அரசுக் கல்லூரிகளின் டி.எம். போன்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை ஒதுக்கி 2020-இல் அரசாணை வந்தது. இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அரசு டாக்டர் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதிச் சர்வீஸில் சேர்வதையும் யோசி. அதைத் தோல்வி என்று நினைக்காதே.

அமெரிக்காவைப் பற்றி உன் மாமா அடிக்கடி சொல்கிறார். அங்கே கேஸ்ட்ரோ டாக்டருக்கு வருடத்துக்குச் சராசரியாக 5 லட்சம் டாலருக்குமேல் வருகிறது, உண்மைதான். ஆனால் நீ ரெசிடென்சி 3 வருடம், ஃபெலோஷிப் 3 வருடம் என்று முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஜே-1 விசாவில் போனால் படிப்பு முடிந்ததும் 2 வருடம் ஊர் திரும்பவேண்டும், இல்லையென்றால் டாக்டர் கிடைக்காத ஊரில் வேலை பார்த்து விலக்கு வாங்கவேண்டும். இங்கிலாந்தில் கன்சல்டன்ட் ஆனால் 2024 கணக்குப்படி அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 1,05,504 பவுண்டில் தொடங்கியது. இரண்டுமே நல்ல வழிதான். உனக்கு அங்கே வாழ ஆசை இருந்தால் போ. சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் துறையில் காசு கைவேலைக்குத்தான். ஓ.பி.யில் உட்கார்ந்து யோசிப்பதற்குக் கிடைப்பது கொஞ்சம், கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கிற ஸ்கோப் போட்டால் கிடைப்பது அதிகம். அதனால்தான் வேலைக்குச் சேரும்போது, முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ மாதம் இவ்வளவு நிச்சயம் என்று மினிமம் கேரண்டி, அதன்பிறகு ஸ்கோப் மாதிரி ஒவ்வொரு ப்ரொசீஜரின் கட்டணத்திலும் பங்கு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரை மாதக் கடைசியில் கூப்பிட்டு, "இத்தனை ஓ.பி. பார்த்தீங்க, ஸ்கோப் ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டார்கள். வயிறு உப்புசம் என்று வந்த சின்னப் பையனுக்குத் தேவையில்லாத ஸ்கோப் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். நீ முதல் மூன்று நான்கு வருடம் பங்கு பேசாதே. சம்பளம் குறைந்தாலும் நிலையான சம்பளமாகக் கேள். எக்ஸ்ரே உதவியோடு ஸ்கோப் வழியாகப் பித்தக்குழாயைச் சரிசெய்கிற ஈ.ஆர்.சி.பி., ஸ்கோப் நுனியிலிருந்தே ஸ்கேன் எடுக்கிற எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் நிறைய நடக்கிற, சீனியர் பக்கத்தில் நிற்கிற இடமாகப் பார். கை பழகிவிட்டால் அதன்பிறகு நீ கேட்பதுதான் சம்பளம்.

ஸ்கோப் ரூமில் இத்தனை வருடம் நின்றவள் என்பதால் சொல்கிறேன். ராத்திரி ரத்த வாந்தி கேஸ் வரும். பெரும்பாலும் குடித்துக் கல்லீரல் கெட்டவர், நாற்பது வயதுகூட இருக்காது. உள்ளே ஸ்கோப்பை விட்டால் மானிட்டர் முழுக்கச் சிவப்பு, ஒன்றும் தெரியாது. சக்ஷன் ஜார் நிறைந்துகொண்டே போகும். கை நிதானமான டாக்டர் தண்ணீர் அடித்துக் கழுவி, உணவுக்குழாயின் அடியில் பீய்ச்சுகிற ரத்தநாளத்தைத் தேடிப் பிடித்து, அதை உறிஞ்சி இழுத்து ரப்பர் பேண்டைப் போடுவார். அடுத்த நிமிடம் திரை தெளியும். வாசலில் அந்த மனிதரின் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்த வேலை உனக்குப் பிடித்தால்தான் மாசக் கடைசிச் சம்பளம் இனிக்கும்.

ஒன்றை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தத் துறையில் பெண்கள் குறைவு. மூலம், மலத்தில் ரத்தம் என்று வரும் நம்மூர்ப் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு மாசக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி என்றதும் "லேடி டாக்டர் இல்லையா சிஸ்டர்?" என்று என்னிடம் காதோடு கேட்டவர்கள் எத்தனையோ பேர். புற்று முற்றியபிறகு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீ எந்த ஊரில் பலகை மாட்டினாலும் அவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். சம்பளக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்.

வேலை குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். என் ஆரம்பகாலத்தில் அல்சருக்கு ஆபரேஷன் சாதாரணம். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் மாத்திரை வந்தது, எச். பைலோரி கிருமிதான் காரணம் என்று தெரிந்தது, அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது. ஆபரேஷன் அருகிப்போயிற்று. அந்த இடத்தில் இப்போது கொழுப்புக் கல்லீரல் வந்து நிற்கிறது. நம் தெருவிலேயே ஸ்கேன் எடுத்த பாதிப் பேருக்கு இருக்கிறது.

உடம்பைக் கவனி. ஈ.ஆர்.சி.பி. போடுகிறவர்கள் ஈய ஏப்ரனைத் தூக்கி இடுப்பு வலியோடு அலைகிறார்கள், ஸ்கோப் சக்கரத்தைத் திருப்பிக் கட்டைவிரல் வீங்குகிறது. கதிர்வீச்சு பேட்ஜை ஒருநாளும் மறக்காதே. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை உண்டானால் ஈ.ஆர்.சி.பி. ரூமை எப்படிச் சமாளிப்பது என்று சேரும் முன்பே பெண் சீனியர்களிடம் வெளிப்படையாகக் கேள்.

கவுன்சிலிங்கில் ஊர்ப் பெயரைப் பார்த்து இடம் பிடிக்காதே. அங்கே படிக்கிற பையன்களுக்குப் போன் போட்டு, டி.எம். மாணவர் கையில் ஸ்கோப் எப்போது கொடுக்கிறார்கள், ராத்திரி ரத்தப்போக்கு கேஸை யார் பார்க்கிறார்கள், படிப்பு முடிந்தபிறகு அங்கேயே வேலை பார்க்கவேண்டிய பாண்டு எத்தனை வருடம் என்று கேட்டு எழுதி வை. லிஸ்ட் போட்டதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நானும் தெரிந்த சிஸ்டர்களிடம் ஒவ்வொரு இடமாக விசாரிக்கிறேன். ஃபீஸ் பற்றி நீ நினைக்கவேண்டாம், என் பி.எஃப். பணம் அப்படியே பேங்கில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா