வண்டலூர் வண்டிக்குத் தகடு மாற்றுகிறேன்

நங்கநல்லூர், சென்னை - 61
புரட்டாசிக் கடைசி

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி பக்கம் இப்போதைக்குப் போகாதே. பேத்திக்கு மொட்டை போட்ட படம் பார்த்தேன், அச்சு அசல் உன் அம்மா. இங்கே எல்லாரும் சுகம். வசந்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. காரணம் உனக்குத் தெரிந்ததுதான். போர்ட்டிகோவில் ஸ்டாண்டர்டு 20 பிக்கப் நிற்கிறது, வீட்டுக் கார் தெருவில் வெயிலில் காய்கிறது.

“நல்ல பட்டறையில் விட்டு, சிவப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று வாங்கிக்கொள்ளாமல், இந்த வயதில் தகரத்தோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய்?” என்று கேட்டிருந்தாய். இந்த ஒரு கேள்விக்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். தரமணியில் படித்த காலத்தில் நீ ஊருக்கு ரயிலேறினால், தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஒரு கார் கம்பெனி வருமே, அங்கே செய்த வண்டி இது. 1961இல் ஹெரால்டு, 1972இல் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று அவர்கள் விட்ட கார்களைப் பற்றிப் பேச இன்றைக்கும் ஆள் உண்டு. 1988இல் கம்பெனியை மூடியதைப் பற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் ஆம்புலன்ஸாகவும் பள்ளிக்கூட வேனாகவும் சரக்கு வண்டியாகவும் உழைத்த இந்த இருபதை யாரும் நினைப்பதில்லை. இங்கிலாந்தில் 1958இல் வந்த ஸ்டாண்டர்டு அட்லஸின் வாரிசு இது. மூக்கு கிடையாது. டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நடுவில் மூடி போட்டு இன்ஜின். வெயில் காலத்தில் இடது கால் வெந்துவிடும்.

யாரும் நினைக்காததில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அம்பாசடருக்கோ ஜீப்புக்கோ என்றால் புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்தால் கதவு, மட்கார்டு, தரைத்தகடு எல்லாம் கைக்கு வந்துவிடும். இதற்குக் கதவின் அடி மடிப்புத் தகடுகூடக் கிடையாது. எது அழுகியிருந்தாலும் வெட்டி, வரைந்து, வளைத்து, நாமேதான் செய்ய வேண்டும்.

அழுகியதற்குக் காரணம் வண்டியின் பிழைப்பு. காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றியிருக்கிறார்கள். பின் பெட்டி கம்பெனியில் வந்ததல்ல, யாரோ உள்ளூர்ப் பட்டறையில் மரச்சட்டம் வைத்து மேலே தகடு அடித்துக் கட்டியது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகைச் சந்தில் இறங்கும். பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் ஓடி, கேபினின் பின்சுவருக்கு அடியில் தேங்கும். ஊறின மரம் காயவே காயாது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த தகடு முழுக்க உள்ளிருந்தே போய்விட்டது. வெளியே பெயின்ட் மட்டும் ஒழுங்காக நின்றது, விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது.

சாதாரணத் துருவும் மீன் வண்டித் துருவும் ஒன்றல்ல என்பதை இதில்தான் தெரிந்துகொண்டேன். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் எந்த இரும்பும் வெள்ளையாக மின்னும், இதுவும் மின்னியது. ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால், ஊசி குத்தினாற்போல் கறுத்திருந்த குழிகளில் மட்டும் பழுப்பாக வியர்த்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு குழிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதை இழுத்து வைத்துக்கொண்டு அரிப்பைத் தொடரும். அதன் மேல் எத்தனை விலையுள்ள பிரைமர் அடித்தாலும் அடுத்த மழைக்குள் கொப்புளம்தான்.

இதற்கு வைத்தியம் கழுவுவது. உப்பு தின்னரில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, ஹாட் ஏர் கன்னால் உடனே உலர்த்தி, மறுபடி பிரஷ் போட்டு, மறுபடி கழுவி, ராத்திரி விட்டுப் பார்த்து, குழி வியர்க்காமல் நிற்கும் வரை இதே வேலை. துருப்பிடித்த வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறானே என்று எதிர் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார். எங்கள் தெரு போர் தண்ணீரிலேயே உப்பு இருப்பதால் கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீர். நாங்கள் குடிக்கிற தண்ணீர் அது. வசந்தாவின் கோபத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம்தான் பாஸ்பாரிக் அமிலம். மிஞ்சிய துரு கறுத்து இரும்பு பாஸ்பேட்டாக மாறிவிடும். மிஞ்சிய அமிலத்தையும் கழுவித் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே அடிக்கும் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிக்காது. கொண்டி, கீல், கொக்கி மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு இத்தனை பாடு வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைச் சாமானிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டிவிட்டால் துரு தானாகக் கழன்றுவிடும். ஹைட்ரஜன் குமிழ் விடும், அதனால் மொட்டை மாடியில் திறந்த வெளியில் வைத்தேன். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும்.

பட்டறையில் கேட்காமலில்லை. ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஓட்டையெல்லாம் அடைச்சுப் பட்டி போட்டு இழைச்சுடலாம் சார், தீபாவளிக்குள்ள வண்டி ரெடி” என்றார். பட்டி என்பது பள்ளத்தில் பூசி, இறுகியபின் தேய்த்து மட்டமாக்கும் பசை. அந்த வேலையை எனக்கு முன்னாலேயே யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவு மேல் நகர்த்திப் பார்த்தேன். மேல் பாதியில் கப்பென்று பிடிக்கிறது, கீழ்ப் பாதியில் வழுக்கி விழுகிறது. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி, அதற்கடியில் துருத்தூள். ஓட்டை அடைத்த ஒட்டுத் தகடு மேலோடு மேல் வைத்துப் பற்ற வைத்தது, இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. பட்டி மோசமான சாமான் என்று சொல்ல மாட்டேன். அடித்து நேராக்கிய தகட்டில் மிஞ்சும் ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளத்துக்கு அது நல்ல சாமான். அழுகலை மூடுவதற்குப் போட்டால் வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான். ஊரில் விலைக்கு வரும் பழைய வண்டிகள் பாதியில் இரும்பைவிடப் பட்டிதான் அதிகம் என்பது என் கட்சி. உன் சிவப்புப் பளபளப்புக்கும் எனக்கும் ஒத்துவராதது அதனால்தான்.

கைக்கு ஆள் ஒருவர் கிடைத்தார், டிங்கர் பாய், நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்குகிறவர். நம்மைவிட மூத்தவர், மவுண்ட் ரோடு பட்டறை ஒன்றில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். இப்போதைய கார்களில் இடித்தால் தட்டுவதே இல்லை, இன்சூரன்ஸில் எழுதிப் பேனலையே மாற்றிவிடுகிறார்கள் என்பதால் அவருக்கு வேலை குறைவு. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறும் வியாழனும் வருகிறார். ஸ்கூட்டர் பெட்டியில் சுத்தியல்கள், தட்டும்போது தகட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் டாலி கட்டைகள், ஒரு மணல் பை.

அவர் தகட்டைப் பார்ப்பதைவிடத் தடவுவதுதான் அதிகம். உள்ளங்கைக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை வைத்து நீளவாக்கில் இழுக்கிறார். வெறுங்கைக்குத் தெரியாத பள்ளம் துணி வழியாகத் தெரிகிறது. நீயும் உன் பீரோக் கதவில் செய்து பார். அடித்து அடித்துத் தகடு நீண்டுவிட்டால், கட்டை விரலால் அழுத்தும்போது டொப்பென்று உள்ளே போய் டொப்பென்று வெளியே வரும். அதற்கு அவர் செய்வது, காசு அளவு வட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை வைத்து அமுக்குவது. காய்ந்த இடம் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விடாது, அதனால் கனத்துப்போகும். ஆறும்போது சுருங்கிச் சுற்றுப்புறத்தையும் இழுத்துக்கொள்ளும். அவர் இத்தனை விளக்கம் சொல்வதில்லை. “சூடு காட்டினா அடங்கிடும் சார்” அவ்வளவுதான்.

வெல்டிங்கில் மட்டும் எங்களுக்குள் வழக்கு. நான் வாங்கி வைத்திருப்பது சி.ஓ.டூ மெஷின், கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை மின்சாரத்தால் உருக்கிப் பற்ற வைப்பது. தகடோ 20 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு, கனம் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். அதில் ஒரே இழுப்பாகப் பற்ற வைத்தால் தகடு பாயாகச் சுருண்டுவிடும். இங்கே ஒரு பொட்டு, எட்டி அங்கே ஒரு பொட்டு, ஆறியபின் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். சூடு குறைவு, எனக்குக் கைவந்த கருவி. பாய்க்கு அது பிடிக்கவில்லை. சி.ஓ.டூ வைத்த தழும்பு கெட்டி, சுத்தியலுக்கு மசியாது, கிரைண்டரில் தேய்த்துத்தான் ஆக வேண்டும், தேய்த்தால் தகடு மெலியும் என்கிறார். கேஸ் சுடரில் மெல்லிய இரும்புக் கம்பியால் பற்ற வைத்தால் சூடு பரவித் தகடு கோணும், ஆனால் தழும்பு இளகியிருக்கும், தட்டித் தட்டி இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிடலாம் என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் தட்டத் தெரிந்தவருக்குத்தான் அது சரி. முடிவில், கண்ணில் படும் கேபின் மூலையும் கதவும் கேஸில் அவர் பங்கு, அதைவிடக் கனமான 18 கேஜ் தரைத்தகடும் உள் சட்டங்களும் சி.ஓ.டூவில் என் பங்கு. பழைய வழக்கப்படி பித்தளை வைத்து ஒட்டுவதை இரண்டு பேரும் ஒதுக்கிவிட்டோம். அதற்குப் போடும் பொடி கொஞ்சம் மிஞ்சினாலும் பின்னால் பெயின்ட்டைத் தூக்கிவிடும்.

எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில்தான் அதிக நேரம் போகிறது. தட்டினால் கணீரென்று கேட்கும் தகடு எவ்வளவு நசுங்கியிருந்தாலும் இருக்கட்டும், பொத்தென்று கேட்பது எவ்வளவு நேராக இருந்தாலும் போகட்டும் என்று வைத்துக்கொண்டேன். கேபின் கூரையும் முன்முகமும் வண்டலூரில் அழுத்திய அதே தகடுதான், அவற்றைத் தொடவில்லை. பின் பெட்டியின் பக்கச் சுவரில் ஐஸ் பார் இடித்து இடித்து வரிசையாகப் பள்ளம். பாய் அதையும் எடுத்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். சரக்கு சுமந்த வண்டிக்கு அந்த அடையாளம் இருக்கட்டும். இடது கதவில் பெயின்ட் அடுக்கைச் சுரண்டும்போது கையெழுத்தில் ஐஸ் கடைப் பெயரும் ஆறு இலக்க டெலிபோன் எண்ணும் வெளிவந்தன. அந்தக் கதவின் அடி முழுக்க மாற்ற வேண்டியது, எழுத்து நிற்காது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், வர்ணம் முடிந்ததும் கையால் எழுதும் ஆள் கிடைத்தால் திரும்ப எழுத வைப்பேன். ஃபிளெக்ஸ் வந்தபின் அந்த ஆளைத் தேடுவதும் ஒரு வேலை.

விண்டேஜ் நம்பர் பிளேட் வாங்கி அணிவகுப்பில் ஓட்டலாமே என்று எழுதியிருந்தாய். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது கடந்திருந்தால் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு எண் தருகிறார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் நாலு சக்கரத்தில் ஆள் ஏற்றும் எம்1 வகைக்குத்தான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. இது சரக்கு வண்டி. மீன் சுமந்த பாவத்துக்கு இங்கேயும் தண்டனை! எனக்கு வருத்தமில்லை. அணிவகுப்புக்காக இதை எடுக்கவில்லை.

வர்ணம் இந்த வருஷம் கிடையாது. ஐப்பசி பிறந்தால் மழை, மார்கழி வரை காற்றில் ஈரம். அதற்குள் வெறும் இரும்பு எங்கும் தெரியாமல் எபாக்சி பிரைமர் அடித்து மூடிவிட வேண்டும், அதுதான் இப்போது ஓட்டம். ரெட் ஆக்சைடு அடித்தால் போதும் என்பார்கள். வெளியே நிறுத்தினால் அது ஈரத்தை உள்ளே விடும், ஆறு மாதம் தாங்காது என்று பாயே சொல்கிறார். தை பிறந்தபின் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், பழைய சாம்பல் நீலம். ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் வெளிறிப் பால் படர்ந்துவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்தால் பளபளப்பும் ஆயுளும் கூடுதல்தான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, சுவாசத்தில் போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், சாதாரண மாஸ்க்குக்கு அடங்காது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒட்டியிருக்கும் தெருவில், எதிர் வீட்டுக் குழந்தைகள் விளையாடும் இடத்தில், அதை அடிக்க மனசு வரவில்லை.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். பின் பெட்டிக்குத் தரைப் பலகை வேண்டும். செங்கோட்டை மர டிப்போக்களில் வேங்கை கிடைக்குமா, மருதம்தான் கிடைக்குமா என்று விசாரி. ஆறடி நீளம், ஒன்றேகால் அங்குலம் கனம், நன்றாக உலர்ந்தது. பச்சை மரத்தை இழைத்துக் கொடுத்துவிடுவார்கள், நீ நேரில் பார்க்காமல் சரியென்று சொல்லிவிடாதே. இந்தத் தடவை தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ரப்பர் கொடுத்து, தண்ணீர் வடிய ஓட்டையும் விட்டு முடுக்கப் போகிறேன். கன அடி விலையும், லாரியில் சென்னைக்கு அனுப்ப என்ன ஆகும் என்பதையும் கேட்டு எழுது. முழங்கால் ஆறாமல் டிப்போவுக்கு நடக்காதே, மாப்பிள்ளையை அனுப்பு.

அன்புடன்,
முரளி