எத்தனை இன்ச் ஆணி என்று கேட்டவரின் இரங்கல் பதிவைத் திருப்பிக் கொடுங்கள்

உள்ளடக்கக் கண்காணிப்புப் பிரிவில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன ஐப்பசியில், உங்கள் தளத்தில் எங்கள் குழு நண்பர் ஒருவருக்காக நாங்கள் எழுதி, நீங்கள் நீக்கிய இரங்கல் பதிவைப் பற்றி நான் எழுதும் நான்காவது மடல் இது. முதல் மூன்றையும் உங்கள் மேல்முறையீட்டுப் பெட்டியில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், ஓர் எழுத்துகூட மாறாமல் வந்தது. கடைசிப் பதில் நான் அனுப்பிய நான்காவது நிமிடமே வந்துவிட்டது. 214 மறுமொழிகள் கொண்ட ஒரு பதிவை நான்கு நிமிடத்தில் எந்த மனிதராலும் படித்திருக்க முடியாது. அதனால்தான் இப்போது ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது. எதை, எப்போது, எந்த விதியின் கீழ் நீக்கினீர்கள் என்பதெல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பதிவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். படித்துவிட்டு எங்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பாலியல் சீண்டல், வன்முறை என்று இரண்டு காரணம் சொன்னீர்கள். எனக்கு வந்த அறிவிப்பில் இந்த வரியை அடையாளமிட்டிருந்தீர்கள்: "ஆறு இன்ச் எல்லாம் பிடுங்கியாச்சு அண்ணே, இனிமே சுத்தியலைக் கீழ வைங்க."

இது அஞ்சலி. எப்படி அஞ்சலி என்று சொல்கிறேன்.

எங்கள் குழு 2007இல் தொடங்கியது. தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த தமிழ்மணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பழகிய காலம். சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கணினி வேலையில் பொட்டி தட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் பாதிப்பேர். அலுவலகத்தில் வேலை குவிந்தால் "இன்னைக்கு ஆணி ஜாஸ்தி" என்று எழுதிவிட்டுக் காணாமல் போவார்கள். வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சி ஒன்றிலிருந்து வந்த சொல் அது. எங்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை, அந்த நாளில் இணையத்தில் தமிழ் எழுதிய எல்லோரும் சொன்னார்கள். அதே படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த வடிவேலுவின் நேசமணிக்காக 2019 மே மாதம் ட்விட்டரில் ஊரே பிரார்த்தனை செய்தது, உலக அளவில் அது முன்னணிக்கு வந்தது. தமிழ் தெரிந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தச் சுத்தியல் ஆயுதமாகத் தெரியவில்லை.

2008இல் திருச்சியிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். தச்சுப் பட்டறை வைத்திருந்தார். கட்டில், பீரோ, கதவு, நிலை எல்லாம் செய்வார். ஐம்பது வயதுக்கு மேல் தமிழில் தட்டச்சக் கற்றுக்கொண்டவர். பத்து நாள் பேசாமல் படித்துவிட்டு முதல் மறுமொழி போட்டார்: "தம்பிகளா, எல்லாரும் ஆணி ஆணின்னு சொல்றீங்க. எத்தனை இன்ச்சு? எங்கிட்ட ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் இருக்கு. தேவைப்பட்டா கூரியர்ல அனுப்பி வைக்கிறேன்."

அன்றிலிருந்து அவர் ஆணி அண்ணன். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சில் வேலைக்கு இன்ச் கணக்கு வந்தது. சின்ன வேலை என்றால் ஒரு இன்ச். மாசக் கடைசியில் நான் வேலை செய்யும் வங்கியில் எப்போதும் ஆறு இன்ச். யாராவது இரண்டு நாள் தலை காட்டாமல் இருந்துவிட்டு வந்தால் "எத்தனை இன்ச்?" என்று கேட்போம். நலமா என்று கேட்பது அது. வேலை போனவர் ஒருவர் 2009இல் "ஆணியே இல்லை" என்று இரண்டு சொல் எழுதினார். அந்த இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு அண்ணன் அவரைத் தேடி ஈரோட்டுக்கு பஸ் ஏறிப் போனார்.

அடுத்த வருடம் நாங்கள் திருச்சியில் நேரில் கூடியபோது செய்தித்தாளில் மடித்து ஆளுக்கொரு ஆணி கொடுத்தார். எனக்கு வந்தது ஒன்றரை இன்ச். தலை கொஞ்சம் நசுங்கியிருக்கும். மேசையில் பேனாக் குவளையில் இப்போதும் கிடக்கிறது. இதை எழுதும்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அந்தப் பதிவைப் போட்டோம். காரியம் முடிந்த மறுநாள் அவர் மகள் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல போனைப் பார்த்துத் தனியா சிரிப்பாங்க அக்கா. அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா சிரிச்சு நான் பார்த்தது அப்போ மட்டும்தான். என்ன படிச்சாங்கன்னு எனக்குப் பார்க்கணும்" என்றாள். பதிவின் சுட்டியை அனுப்பினேன். பதினாறு வருடக் கதை அதில் இருந்தது. ஈரோட்டு பஸ் இருந்தது, யார் யார் வீட்டுக் கட்டிலுக்கு அண்ணன் காசு வாங்கவில்லை என்பது இருந்தது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நிதானமாகப் படிக்கிறேன் என்றாள்.

அவள் திறந்தபோது பதிவு இல்லை. அப்பாவின் படம் மங்கலாகத் தெரிந்தது. அதன் கீழே, பாலியல் சீண்டல் காரணமாக இந்த உள்ளடக்கம் நீக்கப்பட்டது என்று உங்கள் வாசகம் இருந்தது. அப்பாவை இழந்து பதினேழு நாள் ஆன ஒரு பெண், நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தாள். மறுநாள் காலையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அப்பா அங்க என்ன அக்கா பண்ணிட்டு இருந்தாங்க?"

நான் சொன்ன விளக்கம் எதுவும் நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வரிக்கு ஈடாகவில்லை. பதிவைக் காட்டினால்தான் தீரும். காட்டப் பதிவு என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. மேல்முறையீடு செய்ததற்கு என் கணக்கை 30 நாள் பூட்டினீர்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் சல்லடையில் சிக்கிய மற்ற சொற்களையும் சொல்லிவிடுகிறேன். உள்குத்து: வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றும் வைத்து எழுதுவது. 'குத்து' இருப்பதால் எடுத்துவிட்டீர்கள். கொலைவெறி: கோபமாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வது. 2011இல் ஒரு பாட்டு அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோவதற்கு முன்பே நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு சொல்லின் துண்டை மட்டும் பார்த்துத் தண்டிக்கிற இந்தக் கோளாறு புதிதும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்று ஓர் ஊர். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று 1996இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தின் வடிகட்டி அந்த ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடவில்லை. அந்தக் கோளாறுக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் போன பிறகும் எங்கள் மொழியில் அதே தவறு நடக்கிறது.

கூடிப் பழகுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்வது தமிழில் இலக்கணமே ஏற்றுக்கொண்ட வழக்கு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்குக் குழூஉக்குறி என்று இடம் கொடுத்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். கள்ளுக்கு அந்தப் பெயர் வைத்தவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்திருப்பான் என்று அண்ணன் ஒரு ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது. புரியவில்லை என்பதற்காக யாரும் துண்டை உருவிக்கொண்டு போவதில்லை.

எங்கள் பேச்சு வெளியாளுக்குப் புரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குள்ளேயே புரியாமல் போனதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோவில் குடியேறிய அக்கா ஒருவர் சேர்ந்த புதிதில், "நேற்று ஒடியல் கூழ் காய்ச்சினனான், அந்த மாதிரி!" என்று எழுதினார். யாழ்ப்பாணத்தில் 'அந்த மாதிரி' என்றால் பிரமாதம் என்று பொருள். தமிழ்நாட்டுக்காரர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம். அண்ணன் ஒருவர்தான், "எந்த மாதிரிம்மா? கொஞ்சம் விவரமா சொல்லு" என்று கேட்டார். அக்கா கூழில் என்னென்ன போட்டேன் என்று பத்தி பத்தியாக எழுதினார். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் நல்ல சாப்பாடு, நல்ல கதை, நல்ல சேதி எல்லாமே அந்த மாதிரிதான்.

அண்ணனுக்கு ஆணி புரியவில்லை, கேட்டார். கூழ் புரியவில்லை, கேட்டார். உங்கள் தரப்பில் எங்களிடம் ஒரு கேள்விகூட வரவில்லை. கேட்டிருந்தால் நானூறு பேரில் யாராவது ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்போம்.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் சுமார் 6.9 கோடிப் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று வெளியே இருப்பவர்கள் தனி. இத்தனை பேர் எழுதுவதை வைத்து விளம்பரம் விற்கிறீர்கள். நாங்கள் எழுதுவதைப் படிக்க ஆள் வைப்பது உங்கள் கடமை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுப் பெண்களுக்கு முகம் தெரியாதவர்கள் சாதிப் பெயரைச் சேர்த்துக் கேவலமாக எழுதிய செய்திகளை நான் பல முறை புகார் செய்திருக்கிறேன். "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று ஒவ்வொரு தடவையும் உங்களிடமிருந்து பதில் வந்தது. அந்தச் செய்திகளில் ஒரு கெட்ட வார்த்தைகூட இருக்காது, படித்த பெண்ணுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. அதையும் தமிழ் தெரிந்தவர் படித்தால்தான் தெரியும். வசை தங்குகிறது, அஞ்சலி போகிறது. இந்த நிலைமையை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ கொடுமைகளைப் பார்க்க வேண்டிய வேலை அது என்பது தெரியும். அந்த வேலையைச் செய்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றும், நீக்குவதற்கு முன் அவர் படித்திருக்க வேண்டும் என்றும்தான் கேட்கிறேன். நிறுவனத்துக்கு இது பெரிய செலவாக இருக்க முடியாது.

வரும் ஐப்பசியில் அண்ணனுக்குத் தலைத்திவசம். மகள் திருச்சி வீட்டில்தான் செய்கிறாள். நாங்கள் முப்பது பேர் போகிறோம், டொரொண்டோ அக்காவும் வருகிறார். அதற்கு முன் அந்தப் பதிவைத் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்து, 214 மறுமொழிகளோடும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். படத்துக்குக் கீழே நீங்கள் போட்ட வாசகத்தை எடுத்துவிட வேண்டும். தவறாக நீக்கிவிட்டோம் என்று மகளுக்குத் தமிழில் இரண்டு வரி எழுத வேண்டும்.

படிக்கும்போது ஏதாவது ஒரு சொல் புரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், எதற்கும் பதில் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் இருப்பேன். பகலில் வங்கியில் ஆறு இன்ச்.

இப்படிக்கு,
2007 முதல் இந்தக் குழுவில் இருப்பவள்