எல்லாரும் குண்டாயிட்டாங்கடா

மாப்ளே,

பொங்கலுக்கு லெட்டர் போடுறேன்னு நான் சொன்னது போன பொங்கலுக்கு. திட்டுறதையெல்லாம் போன்ல வச்சுக்க. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாச் சொல்லு.

விஷயம் இதுதான். பரண்ல இருந்து ஹாஸ்டல் பெட்டியை இறக்கினேன். நாம விளையாடின ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கம்ப்யூட்டர் கேம் சிடி கிடைச்சுது. 1997ல வந்த முதல் பாகம். "மொட்டைக்குத் தராதே"ன்னு நீ மார்க்கர்ல எழுதின அதே சிடி! என் பழைய லேப்டாப்ல சிடி டிரைவுக்கு இன்னும் உயிர் இருக்கு. போட்டு ஓடவிட்டா, புல்லெல்லாம் ஊதா. டாஸ்க் மேனேஜர்ல விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திட்டு கேமைத் திறந்ததும் பச்சை வந்துடுச்சு.

பையன் எட்டிப் பார்த்துட்டு, "ஏம்பா எல்லாரும் இவ்ளோ குண்டா இருக்காங்க?"ன்னான்.

பார்த்தா நிஜம்தான். மரம் வெட்டுறவன் பீப்பா மாதிரி நடக்கிறான். யானை திண்ணையில சாஞ்ச மாதிரி கிடக்கு. வொலோலோன்னு மந்திரம் பாடி எதிரியை நம்ம பக்கம் இழுக்கிற பூசாரிக்குத் தொப்பை. கணக்குப் போட்டேன். கேம் படம் 1024க்கு 768 புள்ளி, என் திரை 1366க்கு 768. உயரம் அப்படியே இருக்கு, அகலத்தை மட்டும் மூணுல ஒரு பங்கு கூட இழுக்குது. அறுபது கிலோ ஆளை எண்பது கிலோ ஆக்குற கணக்கு.

மூணு ராத்திரி போச்சுடா இதுக்கு. கிராபிக்ஸ் பேனலைத் திறந்தா, நான் தேடுற 'மெயின்டெயின் ஆஸ்பெக்ட் ரேஷியோ', அதான் அகல உயர விகிதம் மாறாம காட்டுற ஆப்ஷன், அங்க இல்லவே இல்லை. கிராபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். அப்பவும் இல்லை. கடைசியில நம்ம பாட்டரிப் பயகிட்ட கேட்டா சிரிக்கிறான். திரை அதோட சொந்த அளவுல இருக்கிறப்ப இழுக்கிறதுக்கே வேலை இல்லையே, அப்புறம் அந்த ஆப்ஷன் எதுக்கு வரும்கிறான். முதல்ல டெஸ்க்டாப்பையே 1024க்கு 768ன்னு மாத்தணும். மாத்தினதும் பேனல்ல அது வந்து உட்கார்ந்துக்குது. டிக் பண்ணு, அப்ளை குடு, திரும்ப 1366க்கு வா. அந்த அளவுக்கு இப்படித்தான்னு டிரைவர் ஞாபகம் வச்சுக்கும். இவ்ளோதான்டா!

இப்ப ரெண்டு பக்கமும் 171 புள்ளி கறுப்பு. நடுவுல ஒரு புள்ளி கூட இழுபடாம கம்ப்யூட்டர் லேப்ல பார்த்த அதே படம், ஊசி முனை மாதிரி. வீட்டுக்காரி பார்த்துட்டு, "இவ்ளோ பெரிய திரையில பாதியை மறைச்சு வச்சிருக்கீங்களே"ன்னா. அவளுக்குத் திரை நிறையணும். எனக்கும் அப்படித்தானே இருந்துச்சு, இத்தனை வருஷமா.

அப்புறம்தான் மாப்ளே, சுருக்குன்னுச்சு. எங்க கல்யாண சிடி. அதுவும் இந்த கேம் மாதிரி 4:3தானே, அகலம் நாலுன்னா உயரம் மூணு. புது டிவி வாங்கினதுல இருந்து அதை டிவியோட அகலத்துக்கு இழுத்து 16:9லதான் பார்த்துக்கிட்டு இருக்கோம். அதே மூணுல ஒரு பங்கு. அம்மா ஒவ்வொரு தடவையும், "உங்கப்பாவை இவன் சரியாவே எடுக்கலைடா"ம்பா. நான் கேமராக்காரனைத் திட்டிட்டு விட்டுடுவேன்.

ரிமோட்ல 4:3 வச்சேன். மண்டப வாசல்ல அப்பா சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறார். ஒல்லியா. கையைத் தூக்குறப்ப வாட்ச் முழங்கை வரைக்கும் சரியுது. "ஒரு கண்ணி கழட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்"ன்னா அம்மா. அவ்ளோதான் சொன்னா. திரும்ப வாசலுக்கே ஓட்டச் சொன்னா, நாலு தடவை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு, இவ்வளவு நாளா வேற யாரையோ பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்.

ரெண்டாம் பந்தியில நீயும் வர்றே. நாலாவது ஜாங்கிரி. அதுல 4:3தான், நேர்ல நீ 16:9க்கு மாறி ரொம்ப நாளாச்சு.

சரி, ஒரு வேலை. உன் தங்கச்சி கல்யாண கேசட் உன்கிட்டதானே இருக்கு? அதுல சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கப்பா மைக் பிடிச்சுப் பேசுவார். பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள காப்பி போட்டு அனுப்பு. கடைக்காரன், "திரை முழுக்க வர்ற மாதிரி பண்ணித் தர்றேன் சார்"னு சொல்வான். விடாதே, 4:3லயே எடுக்கச் சொல்லு. அவன் இழுத்து ரெக்கார்டு பண்ணிட்டா அப்புறம் ரிமோட்டை அமுக்கிப் பிரயோஜனம் இல்லை.

பெப்பரோனி பீட்சா. கேம்ல சாப்பாடு கூட்ட நாம அடிச்ச அதே சீட் கோடு.

உன்,
பூசாரி