முகாம் முடிந்த பிறகு ஊரையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் சமூக சேவை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள மாணவர்களுக்குக் கிராமங்களே சிறந்த பயிற்சிக் களம்' என்றொரு வரி இருந்தது. மாணவர்கள், பேராசிரியர்கள் எனப் பலர் பேசியிருந்த அக்கட்டுரையில் ஊர்க்காரர் ஒருவர்கூடப் பேசவில்லை. நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாமுக்கு வரும் கல்லூரி மாணவர்கள் தங்குவதற்காக ஆண்டுதோறும் வகுப்பறைகளை ஒழித்துக் கொடுத்த பள்ளி ஆசிரியனுக்கு அது வேதனையளிக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. தத்தெடுத்த கிராமத்தோடு தொடர்ந்து உறவு வைத்திருக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. நாங்கள் கண்டதோ அந்த ஏழு நாட்களை மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கல்லூரி விழாக்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலேயே கழிந்ததாக மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு முகாமில் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துச் சுகாதார வாசகங்கள் எழுதினார்கள். அதே சுவருக்கு உட்புறம் மாணவியர் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராமல் இருந்தது. தலைமையாசிரியை முதல் நாளே அதைச் சொன்னபோது, அது திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. வேறோர் ஆண்டில் ஆர்வத்தோடு தொடங்கிய மாலை வகுப்பு, பருவத் தேர்வு வந்ததும் நின்றுபோனது. அக்கா எப்போது வருவார் என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்ட பிள்ளைகளுக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இளைஞர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தேவை என்னவென்று ஊரைக் கேட்காமலே திட்டம் வகுத்து, நிறைவு விழாவில் நன்றாகப் பேசியவருக்குச் சிறந்த தலைவர் சான்றிதழ் கொடுக்கும் பெரியவர்கள்மேல்தான் கோபம்.

அப்படியொரு விழாவில் மேடைப்பக்கமே வராத மாணவி ஒருவரை நான் மறக்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரத் திண்ணையில் உட்கார்ந்தவர், ஒவ்வொருவரின் ஆதார் அட்டையையும் குடும்ப அட்டையையும் அருகருகே வைத்து, வயது பொருந்தாதவற்றைத் தனியே எடுத்து வைத்தார். முகாம் முடிந்த பின்பும் ஒரு விடுமுறை நாளில் தானாகவே பேருந்தேறி வந்து, அந்த மூதாட்டிகளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துப்போய், எந்தத் தாளைத் திருத்த வேண்டும் என்று கேட்டுத் தெளிந்துகொண்டார். எனக்குத் தெரிந்தவரை தலைமைப் பண்பு என்பது அதுதான். பரிசு பெற்றவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முகாம் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளிலும் இல்லை.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். முகாம் தொடக்க விழாவின் படத்தை வெளியிடும் பக்கத்திலேயே, ஆறு மாதம் கழித்து அதே ஊருக்கு நிருபரை அனுப்பி, செய்த வேலையில் எது நிலைத்திருக்கிறது என்று அங்குள்ளவர்களைக் கேட்டு நான்கு வரி வெளியிடுங்கள். மாணவர்களையும் உடன் அழைத்துச் சென்றால் மிகவும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர்