உதிரப்போக்கை மனக்கவலை என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மகளிர் மருத்துவப் பக்கத்தில், "கருப்பைக் கோளாறு என்று வரும் பெண்கள் பலருக்கு உண்மையில் இருப்பது மனக்கவலையே, ஒரு கேள்வித்தாளே அதைக் காட்டிவிடும்" என்ற வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள் நான். கருப்பையில் நார்த்திசுக் கட்டியும் அடங்காத உதிரப்போக்குமாக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, மாமியாரும் நங்கையாளும் பக்கத்தில் இருக்க, அத்தனை பேர் நடுவில் ஒரு பெண் அந்தக் கேள்விகளை உரக்க வாசித்து எண் போட்டார். செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா என்பதும் அதில் ஒன்று. அந்த இடத்தில் எந்தப் பெண் உள்ளதைச் சொல்வாள்? கூட்டி வந்த எண்ணுக்கு மாத்திரை எழுதினார்கள். ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே இறங்கியிருந்ததை வேறோர் இடத்தில்தான் பார்த்துச் சொன்னார்கள்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில், தாங்கள் அறிந்ததுதான், கேள்விக்கு அதிகபட்சம் 3 வீதம் மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்கிறார்கள். தூக்கம், சோர்வு, பசி ஆகிய மூன்று கேள்விகளிலேயே, இரவெல்லாம் எழுந்து துணி மாற்றும் இரத்தசோகைக்காரி 9 வாங்கிவிடுவாள். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற மனநல மருத்துவர்கள் மருத்துவமனை நோயாளிகளுக்கென வகுத்த 14 கேள்விகளில் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள். நார்த்திசுக் கட்டிக்கென்றே 2002இல் வந்த கேள்வித்தாளோ, உடுத்திய துணியில் கறை பட்டுவிடுமோ என்ற பயத்தையும் கேட்கிறது. ஷிப்ட் முடியும்வரை அந்தப் பயத்தோடு டேபிளை விட்டு நகராமல் நின்றவளுக்குத்தான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

இது இன்று நேற்று வந்த பேச்சல்ல. கல்யாணத்துக்கு முன் நூல் மில்லில் வயிற்றுவலி என்றால், என்ன மாத்திரை என்றுகூடச் சொல்லாமல் கையில் கொடுத்து மெஷினுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒரு மருத்துவர், கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார். இப்போது தங்கள் இதழும் எல்லாம் மனக்கவலை என்கிறது.

எங்களுக்கு மனவேதனை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, அதை அளக்கத்தான் வேண்டும். ஆனால் தனி அறையில், இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தமும், அதனடியில் டெலி-மானஸ் மனநல ஆலோசனைக்கான 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், திருப்பூர்.