பாலத்தை விட்டு ஓடியவன்

அன்புள்ள தம்பிக்கு,

குன்னூரில் மூன்று நாளாக மழை விடவில்லை. ஞாயிறன்று கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையாட்டத்தில் நீ ஏற்று ஆடும் பாலடினின், அதாவது சபதம் பூண்ட அந்த வீரனின், தாளை என் மேசையிலேயே விட்டுப் போய்விட்டாய். உயிர்ப்புள்ளி எழுதும் கட்டம் அழித்து அழித்துக் கிழியும் நிலையில் இருக்கிறது. அதில் இப்போது 7. தாளின் தலையில், முதல் நாள் நீ எழுதிய சபதம்: "எளியவரை விட்டு ஓரடி நகரமாட்டேன்."

அவன் நகர்ந்துவிட்டான். பாலத்தின் நடுவே இரண்டு குழந்தைகள், எதிரே அரக்கர்கள். நீ வெகுநேரம் பகடையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தாய். பிறகு "பின்வாங்குகிறேன்" என்றாய். தட்டில் இருந்த வர்க்கியை அதன்பின் யாரும் தொடவில்லை.

"உயிரோடு இருந்தால்தானே அண்ணா, கதை தொடரும்" என்று போனில் சொன்னாய். அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். ஓடியது அவன் இல்லை, நீ. அவனை இழந்துவிடுவோமே என்ற பயம் உன்னுடையது. அவனுக்கு அந்தப் பயம் இருந்ததாக இத்தனை நாள் ஆட்டத்தில் நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தாத்தா ஊர்க் கூத்து நினைவிருக்கிறதா? கவசத்தை அறுத்துக் கொடுத்தால் சாவு என்று கர்ணன் வேடம் கட்டியவருக்குத் தெரியும், பனியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த நமக்கும் தெரியும். கொடுக்காத கர்ணனுக்காக யார் விடிய விடிய விழித்திருப்பார்கள்?

"என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லிக் கூட ஆடுபவரின் பாத்திரத்திடமே திருடுகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. அங்கே விலை கொடுப்பவர் வேறொருவர். பாலத்தில் விலை உன்னுடையதாக மட்டுமே இருந்தது.

அந்த விலையும் நீ நினைத்த அளவு இல்லை. 1974-இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உயிர்ப்புள்ளி சுழியமானால் சாவுதான். நாம் ஆடுவது 2014-இன் ஐந்தாம் பதிப்பு. சுழியத்தில் விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுவான். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று தோல்விக்கு முன் மூன்று வெற்றி கிடைத்தால் உயிர் நிலைக்கும். இறந்தே போனாலும், ஒரு நிமிடத்துக்குள் 300 பொன் மதிப்புள்ள வைரத்தைக் கொண்டு எழுப்பும் மந்திரம் உண்டு. அந்த வைரமும் மந்திரமும் ஆட்டத்தில் உங்கள் குழுவில் இருக்கும் பூசாரியிடம் இருந்தன. அவர் உனக்கு முப்பது அடி பின்னால்தான் நின்றார். ஆட்டத்தை நடத்துபவனாக இதை நான் அப்போதே நினைவூட்டியிருக்க வேண்டும். அது என் தவறு, மன்னித்துக்கொள்.

ஆனால் ஓடியதை ஓடாததாக்க மாட்டேன். சபதம் முறித்த பாலடின் தன் நெறியைச் சேர்ந்த பூசாரியிடம் மன்னிப்புத் தேடுவான், இரவெல்லாம் விழித்துப் பிரார்த்திப்பான், நோன்பிருப்பான் என்று விதிநூலே சொல்கிறது. நீ விரும்பினால் அடுத்த ஆட்டம் அந்த இரவிலிருந்து தொடங்கட்டும். இல்லை, அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது என்றால் அதையும் ஆடு. அவன் வாயால் அதை நான் கேட்க வேண்டும்.

தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கு என்ன ஆனது என்று இன்னும் பகடை உருட்டவில்லை. ஞாயிறு வா.

அன்புடன்,
அண்ணன்